மூன்றாம் நம்பர் மெஷினில் கிளிஃபர்ட்

கிளிஃபர்ட்டுக்கு நெட்ஸ்கேப்தான் வேண்டும். எக்ஸ்ப்ளோரரைத் திறந்து கொடுத்தால் உட்காரவே மாட்டார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டே இருப்பார். "அவசரம் இல்ல சார், மூணாம் நம்பர் காலியாகட்டும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் சுப்பராமன். லஸ் முனையிலிருந்து ராயப்பேட்டை போகும் சாலையில், ஒரு மருந்துக்கடைக்கு மாடியில், தொண்ணூற்றெட்டில் பிரவுசிங் சென்டர் ஆரம்பித்தேன். நாலு மெஷின், ஒரு டெலிபோன் லைன், கவுண்டரில் ஜலஜா என்ற பெண். பாங்கு வேலையை உதறிவிட்டு இதில் குதித்தவன் என்பதால் இன்டர்நெட்டையே நான் கண்டுபிடித்ததுபோல் ஒரு மிதப்பு. யார் எந்தப் பிரவுசரில் பார்க்கவேண்டும் என்பதில்கூட எனக்கு அபிப்பிராயம் உண்டு. விண்டோஸோடு எக்ஸ்ப்ளோரர் சும்மாவே வந்து உட்கார்ந்திருக்க, தனியாக இடத்தை அடைத்துக்கொண்டு நெட்ஸ்கேப் எதற்கு என்பது என் கட்சி. அது சரியோ தப்போ, நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மற்ற மூன்று மெஷின்களிலிருந்தும் நெட்ஸ்கேப்பை எடுத்துவிட்டேன். மூன்றாம் நம்பரில் மட்டும் கிளிஃபர்ட்டுக்காக விட்டுவைத்திருந்தேன்.

சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்னால் உள்ள சந்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. சைதாப்பேட்டை கோர்ட்டில் நகல் பிரிவில் கிளார்க். தீர்ப்பு, மனு, பத்திரம் என்று யார் எதற்கு விண்ணப்பித்தாலும் நகல் எடுத்து, அசலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, அடியில் 'ஒப்பிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வேலை. ஐம்பது வயதிருக்கும். ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் சிவப்பொன்று நீலமொன்று என்று இரண்டு பேனா. குழந்தை இல்லை. மனைவி லிண்டா மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, டிசம்பரில், ஒரு மாதம் வந்துவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குக் கிளிஃபர்ட் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்கும். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ரெண்டும் ஒரே காரியத்தைத்தானே பண்றது ஓய்? ஏன் இப்படி அடம் பிடிக்கறீர்?"

"இதுல நட்சத்திரம் விழுது சார்."

நெட்ஸ்கேப்பின் வலது மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. லைனில் ஏதாவது வந்துகொண்டிருக்கும்போது அதில் இருக்கும் 'என்' என்ற எழுத்தைச் சுற்றி நட்சத்திரங்கள் சர் சரென்று விழும். அதைத்தான் சொல்கிறார்.

"அது விழுந்துகினு இருந்தா ஏதோ நமக்கு வந்துகினு கீதுன்னு தெரியுது சார். நின்னுச்சுன்னா வந்து சேந்துடுச்சு."

"எக்ஸ்ப்ளோரர்லயும் ஓர் உருண்டை சுத்தறதே."

"சுத்துது சார். எங்கேருந்தும் வர மாதிரி இல்லியே."

ஜலஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவர் படியேறி வரும்போதெல்லாம், "வாரும், இன்னிக்கு என்ன நட்சத்திரம், ரோகிணியா, திருவாதிரையா?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அவரும் சிரித்துக்கொண்டே போய் உட்காருவார். கேலியைக் கேலியாக எடுத்துக்கொள்ளத் தெரிந்த மனிதர். எனக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

உண்மைக் காரணம் வேறு. லிண்டாவின் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரிலும் நெட்ஸ்கேப்தான். வெள்ளிக்கிழமை நமக்கு ஆறரை, அவர்களுக்கு ஐந்து. அந்த நேரத்தில் இருவரும் அவரவர் ஊரில் உட்காருவது என்று பேசிவைத்திருந்தார்கள். 'இங்க நட்சத்திரம் விழுது, அங்கயும் விழுதா?' என்று லிண்டா எழுதியிருந்தார். இதைக் கிளிஃபர்ட் என்னிடம் சொல்லவில்லை. லிண்டாவின் கடிதத்தைத் திறந்து நானே படித்தேன்.

ஆமாம், படித்தேன். நெட்ஸ்கேப்புக்கு உள்ளேயே தபால்பெட்டியும் இருந்தது. கிளிஃபர்ட் பெயரில் ஒரு மெயில் முகவரி வாங்கி, அதை மூன்றாம் நம்பரில் அமைத்துக் கொடுத்தவன் நான்தான். கடிதம் ஒரு தடவை இறங்கிவிட்டால் மெயில் கம்பெனியின் சர்வரில் இருக்காது, நம் மெஷினில்தான் இருக்கும். "வந்த லெட்டர் மெஷின்லயே பத்திரமா இருக்கும் ஓய். லைனைக் கட் பண்ணிட்டு நிதானமாப் படியும், காசும் மிச்சம்" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். புதுக் கடிதம் ஒன்று, பழையது நாலைந்து என்று ஒரு மணி நேரம் படிப்பார். பிரிண்ட் எடுத்துப் போகச் சொன்னால் வேண்டாம் என்பார். "நாள் பூரா பேப்பர்தான் சார் பாக்கறேன். அவ லெட்டராவது இப்படியே இருக்கட்டும்." ஊருக்கெல்லாம் நகல் கொடுத்தவர் தனக்கென்று ஒரு நகல்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில், ஜலஜா வருவதற்கு முன், நான் அந்தப் பெட்டியைத் திறப்பேன். முதலில் சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். அப்புறம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரி பழகிவிட்டது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். பெரிய ரகசியம் ஒன்றும் இராது. ரேஷன் கார்டைப் புதுப்பித்தீர்களா, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள், மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடியுங்கள், இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில் அங்கேதான். என் மனைவி எனக்குக் கடிதம் எழுதியதே கிடையாது, நாங்கள் ஒரே வீட்டில் இருப்பவர்கள். அதனாலோ என்னவோ விடமுடியவில்லை. ஆனாலும் இதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

தொண்ணூற்றொன்பது ஆகஸ்டில் வாய் தவறிவிட்டது. கிளிஃபர்ட் கிளம்பும்போது, "ஆத்துக்காரிக்குக் கால் வீக்கம் வடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் படியில் ஒரு கால் வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "பரவால்ல சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமையும் வந்தார். முன்னைப்போலவே இருந்தார். செப்டம்பர் பிறந்ததும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் போயிற்று.

ஜலஜாதான் சொன்னாள். "சார், கச்சேரி ரோட்டுல புதுசா ஒரு சென்டர் வந்திருக்கில்ல, ஐ.எஸ்.டி பூத்தோட. கிளிஃபர்ட் சாரை அங்க பார்த்தேன். ரெண்டு மூணு நாளாவே அங்கதான் நிக்கறார்."

"நிக்கட்டும். அங்கே நட்சத்திரம் பெரிசு பெரிசா விழறதோ என்னவோ" என்றேன்.

அன்றே மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தேன். டிஸ்க் நிரம்பிவிட்டது, இடம் பண்ணவேண்டும் என்று ஜலஜாவிடம் சொன்னேன். நெட்ஸ்கேப்பை எடுத்தேன். ஃபோல்டர் ஒன்று போகாமல் மிச்சம் நின்றது. அதற்குள்தான் தபால்பெட்டி.

"அதுல அவரோட லெட்டர் எல்லாம் இருக்கே சார்" என்றாள் ஜலஜா.

"இங்கே வராதவருக்கு இங்கே என்ன பெட்டி?"

ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலிட்டைத் தட்டினேன். அப்படிச் செய்தால் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது. ஒன்றேகால் வருஷத்துக் கடிதம், அறுபதுக்கு மேல் இருக்கும், ஒரு தட்டில் போயிற்று. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று என் அப்பா என்னைப் பார்த்துச் சொல்லாத நாள் இல்லை. மறுநாளே அந்த இடத்தில் இரண்டு கேம் ஏற்றினேன்.

செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளிஃபர்ட் வந்தார். சட்டையில் கறுப்புத் துணி குத்தியிருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"லிண்டா போயிட்டா சார்" என்றார். "டூட்டில இருக்கும்போதே நெஞ்சு வலி."

நான் எழுந்து நின்றேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

"பாடியை அனுப்பறதுக்குப் பேப்பர் பேப்பரா கேட்டாங்க. எல்லாம் ஃபேக்ஸ்ல வரணும், போன் பண்ணிக்கினே இருக்கணும். கச்சேரி ரோட்டுல ஐ.எஸ்.டி பூத் கீதே, அங்கதான் சார் தினம் நின்னுகினு இருந்தேன். பாடி வந்து சேர பதினோரு நாள் ஆச்சு." சொல்லிவிட்டு மூன்றாம் நம்பர் பக்கம் பார்த்தார். "வியாழக்கிழமை முப்பதாம் நாள் பூசை. அவளைப் பத்தி நாலு வார்த்தை எழுதிக்கினு வாங்க, பூசையில படிக்கலாம்னு ஃபாதர் சொன்னார். லெட்டரைப் பாத்து அதுலேருந்து எழுதலாம்னு வந்தேன். மூணாம் நம்பர் காலிதானே சார்?"

"லைன் டவுன்" என்றேன். வாயில் வந்த முதல் பொய். "நாளைக்கு வாரும்."

"லைன் எதுக்கு சார்? வந்த லெட்டர் மெஷின்லயே பத்திரமா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

போய் உட்கார்ந்துவிட்டார். திரையை மேலும் கீழும் பார்த்தார். ஜலஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நெட்ஸ்கேப் எங்க சார்?"

"எடுத்துட்டேன், கிளிஃபர்ட்."

"எடுத்து எங்க வெச்சிருக்கீங்க?"

கோர்ட்டில் வழக்குக்கட்டு ஒன்றை மேஜையிலிருந்து எடுத்தால் ரெக்கார்டு ரூமில் வைப்பார்கள். அங்கே உத்தரவு இல்லாமல் ஒரு தாளைக்கூட அழிக்க முடியாது. எடுத்தது என்றால் எங்காவது இருக்கும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த நியாயம். இல்லை, எங்கேயும் வைக்கவில்லை, அழித்துவிட்டேன் என்று நான் அவருக்கு இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. என் ஜன்மத்தில் அவ்வளவு கேவலமாக எதையும் நான் சொன்னதில்லை.

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். எழுந்து, வழக்கம்போல நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு இறங்கிப் போனார்.

டிஸ்கைக் கழற்றிக்கொண்டு ரிச்சி தெருவுக்கு ஓடினேன். மெஹபூப் அலி என்று தெரிந்த மெக்கானிக் ஒருவர் மறுநாள் மத்தியானம்வரை போராடினார். "அது மேலயே வேற எழுதிட்டீங்க சார். ஒண்ணும் தேறாது" என்று கையில் கொடுத்துவிட்டார். கச்சேரி ரோட்டு பூத்துக்கே போய் மஸ்கட் ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டேன். லிண்டா எழுதிய கம்ப்யூட்டரைத் துடைத்து வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் கிளிஃபர்ட் வந்தார். கையில் ஒரு முழுநீள வெள்ளைத்தாள். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"கோவமாக் கேக்கறேன்னு நினைக்காதீங்க சார். நீங்க படிச்சிருக்கீங்க இல்ல?"

"படிச்சிருக்கேன்."

"கால் வீக்கம் கேட்டீங்களே, அன்னிக்கே தெரியும்." நீலப் பேனாவைத் திறந்தார். "எனக்கு ஒண்ணுமே வர மாட்டேங்குது சார். உக்காந்து யோசிச்சா ரேஷன் கார்டுதான் ஞாபகம் வருது. உங்களுக்கு இன்னா ஞாபகம் கீதோ சொல்லுங்க, எழுதிக்கறேன்."

சொன்னேன். என் மூளையைக் கசக்கிக் கசக்கிச் சொன்னேன். பிரசவ வார்டில் ஒரு குழந்தைக்கு லிண்டா என்று பெயர் வைத்தார்களே, அது. ரமலான் மாதத்தில் தானும் பட்டினி இருந்து பார்த்து மயங்கி விழுந்தது. மெரினா காற்றுக்கு ஏங்கி, டேபிள் ஃபேனில் உப்புத் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தது. நட்சத்திரம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நடு நடுவே, "இதே வார்த்தையா சார்? இப்படியேதான் எழுதியிருந்தாளா?" என்று கேட்டார். இதே வார்த்தை என்று எதற்கும் என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. அறுபது கடிதத்தில் பதினொரு விஷயம்தான் தேறியது. திருடிப் படித்ததையாவது ஒழுங்காகப் படித்தேனா என்றால் அதுவும் இல்லை.

ஒரு கடிதத்தை மட்டும் நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அதைப் படித்த அன்றுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நெட்ஸ்கேப்பை எடுத்ததற்கு டிஸ்கும் சாக்கு, கச்சேரி ரோடும் சாக்கு. அந்தக் கடிதத்தின் மேல் வந்த கோபத்தில்தான் எடுத்தேன்.

கிளிஃபர்ட் எழுதியதை ஒரு தடவை முழுக்கப் படித்தார். அடியில் பேனாவை வைத்தார். 'ஒப்பிட்டேன்' என்று எழுதப் போகிறார் என்று நினைத்தேன். எழுதவில்லை.

"கடைசியா ஒண்ணு எழுதியிருந்தா சார். சென்டர்காரர் நம்ம லெட்டரைப் படிக்கிறார் போல, அதனால எல்லாத்தையும் எழுதல, டிசம்பர்ல வந்து நேர்ல சொல்றேன்னு. அது ஞாபகம் கீதா உங்களுக்கு?"

"இருக்கு" என்றேன்.

"அதுக்கு முன்னாடி எங்கியாவது கோடி காட்டியிருந்தாளா சார்? இன்னா சொல்ல இருந்தான்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது, கிளிஃபர்ட்."

சரி என்று தலையாட்டினார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் இரண்டு பேனாவுக்கும் பின்னால் வைத்துக்கொண்டு, "ஆறரை மணி பூசை, வாங்க சார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.