இந்தத் தேதிக்கு நார்மல்

வின்னிபெக் நகரத்தில் காலைத் தொலைக்காட்சி ஒரு வேடிக்கை செய்கிறது. இன்றைக்கு எவ்வளவு குளிர் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வதில்லை. இதே தேதியில் இந்த ஊரில் எவ்வளவு குளிர் இருப்பது நார்மல், இதுவரை வந்ததிலேயே அதிகம் எது, குறைவு எது, அது எந்த ஆண்டு என்று நான்கு வரி எழுதிக் காட்டுகிறது. சில நாட்களில் அந்த ஆண்டு நான் பிறப்பதற்கு முந்தியதாக இருக்கும். இருநூறு மைல் நீளத்துக்கு வயலும் பனியும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் யாரோ ஒருவர் அன்று காலை எழுந்து, வெளியே போய், பாதரசத்தைப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். நம் வீடுகளில் நாளைக் கிழிக்கிறோம். மளிகைக் கடையில் கொடுத்த தினசரி காலண்டரில் நேற்றுத் தாளைப் பிய்த்துத் திருநீறு மடிக்கிறோம். இவர்கள் ஒரு தாளையும் கிழிப்பதில்லை. ஒரே தேதியை நூறு ஆண்டுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது பிடித்துப்போனதில் வியப்பில்லை. பூந்தமல்லி சாலையில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் முப்பத்தோரு ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் நான். யார் எத்தனை நிமிடம் தாமதம், யாருக்கு எத்தனை மணி ஓ.டி. என்று எண்ணியே தலை நரைத்தது. ஓய்வுபெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. சாதம் பரிமாறும்போது கரண்டியை எண்ணுகிறேன் என்று என் மனைவி கமலா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் இங்கே வந்ததே அவளுக்குப் பதிலாகத்தான். மகள் தேவிக்குத் தலைப்பிரசவம். தாய்வீட்டார் பார்க்கவேண்டிய பேறுகாலம். மகள் ஊருக்கு வர முடியாத நிலை. தாயோ விசா கிடைக்காமல் எங்கள் ஊர் வடக்குப்பட்டிலேயே நின்றுவிட்டாள். கிடைத்தது எனக்கு மட்டும். பெருங்காயமும் பூண்டு லேகியமும் காலண்டருமாக, 1991 நவம்பரில், பிரசவம் பார்க்க ஓர் அப்பனாக வந்து இறங்கினேன். கிளம்பும்போது கமலா ஒன்றுதான் கேட்டாள். நல்லதோ கெட்டதோ, உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும், பூசி மெழுகக் கூடாது. அவளுடைய அக்கா பிரசவத்தில் போனபோது மூன்று நாள் யாரும் அவளிடம் சொல்லவில்லை.

டாக்டர் குறித்திருந்தது ஜனவரியில். ஆனால் டிசம்பர் கடைசியில் ஒரு காலை, விடிவதற்கு முன்பே தேவிக்கு வலி கண்டுவிட்டது. மருமகன் கீழே ஓடிப்போய்க் காரைக் கிளப்பிப் பார்த்தார். பற்றவில்லை. சுழியத்துக்குக் கீழே முப்பதைத் தாண்டிய குளிரில் எஞ்சின் எண்ணெய் மெழுகாக உறைந்துவிடுமாம். டாக்சிக்காரன் இரண்டு மணி நேரம் ஆகும் என்றான். பக்கத்து வீட்டு டோரிஸ் அம்மாள்தான் கைகொடுத்தார். எழுபதை நெருங்கிய பெண்மணி. எங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பெயர் அந்த ஆண்டு மே மாதக் குண்டுவெடிப்பில் உலகத் தொலைக்காட்சியிலெல்லாம் அடிபட்டதால், என்னைப் பார்க்கும்போதெல்லாம் துக்கம் விசாரிப்பதுபோல் குரலைத் தாழ்த்துவார். அவருடைய வண்டியில் மகளும் மருமகனும் போனார்கள். என்னை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். ஒன்பதரை மணிக்கு நான் ஊருக்குப் போன் செய்வதாக முறை வைத்திருந்தோம். அங்கே அப்போது இரவு ஒன்பது. ஒரகடம் கூட்டுரோட்டில் இருக்கும் அரிசி மில்லில் கமலா வந்து காத்திருப்பாள்.

டோரிஸ் திரும்பி வந்தபோது ஒன்பதே கால். கதவைத் திறந்தேன். மூக்குவரை கம்பளித்துணி, புருவத்தில் வெள்ளையாக உறைபனி. நம் ஊரில் பிரசவம் என்றால் முதல் கேள்வி ஒன்றுதானே. அதைக் கேட்டேன்.

“மேடம், நார்மல்?”

அவர் தலையை வேகமாக ஆட்டினார். “நார்மலா? பக்கத்தில்கூட இல்லை. இந்தத் தேதிக்கு ரொம்ப ரொம்பக் கீழே. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.”

வண்டி எஞ்சினை ஓடவிட்டிருப்பதாகச் சொல்லி, என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். இந்தத் தேதிக்கு. டாக்டர் குறித்த தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. குழந்தை முன்னாலேயே இறங்கிவிட்டது, ஏதோ ஒன்று இருக்கவேண்டிய அளவுக்குக் கீழே போய்விட்டது என்று என் மனம் கணக்கை முடித்துவிட்டது. உடனே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். பெயரின் எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், பிறகு காத்திருக்கச் சொல்லி இசை வைத்தார்கள். ஒன்பதரை ஆகிவிட்டது. இசையை வைத்துவிட்டு ஒரகடத்தைச் சுழற்றினேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். “இன்னாங்க, வலி வந்துட்ச்சா?”

வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்றேன். மெழுகக் கூடாது என்பது நினைவில் இருந்தது. “நார்மல் இல்லையாம், கமலா.”

மறுபடி கூப்பிடுகிறேன் என்று நான் சொல்லும்போதே இரைச்சல் வந்து இணைப்பு அறுந்தது.

பகல் பன்னிரண்டுக்கு டோரிஸ் ஒரு பாத்திரத்தில் சூப்போடு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆபரேஷன் முடிந்துவிட்டதா, என் மகள் பிழைப்பாளா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் திரும்பத் திரும்பக் கேட்க, என்னிடம் யார் அப்படிச் சொன்னது என்று அவர் திருப்பிக் கேட்டார். நீங்கள்தான், நார்மல் இல்லை என்றீர்களே என்றேன். சூப்பை மேசையில் வைத்தார். “ஐயோ கடவுளே, நான் வெளியே அடிக்கிற குளிரைச் சொன்னேன்” என்றார். மகள் ஆஸ்பத்திரி வாசலில் நடந்தே உள்ளே போனாளாம். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

என் மகளுக்கு என்ன ஆயிற்று என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் நான் சொன்னது தவறு என்று எனக்குத் தெரியும். அந்தத் தவறோடு கமலா இருக்கிறாள். உடனே ஒரகடத்துக்கு அடித்தேன். அங்கே இரவு பதினொன்றரை. மணி போய்க்கொண்டே இருந்தது. மில்லைப் பூட்டிச் சாவியை முதலாளி எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்பது தெரிந்தும் அடித்தேன். அரை மணி கழித்து மறுபடி. என் பகல் முழுக்க அவளுக்கு இரவு. நைட் ஷிப்டில் ஆளில்லாத லைனுக்குச் சங்கு ஊதுவதுபோல, பூட்டிய மில்லுக்குள் என் போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. இடையிடையே மருத்துவமனை, அங்கே அதே இசை. மருமகனிடமிருந்து ஒரு சொல் இல்லை. நான்கரைக்கெல்லாம் வெளியே இருட்டிவிட்டது.

ஆறரைக்கு, அதாவது அங்கே காலை ஆறு மணிக்கு, யாரோ எடுத்தார்கள். நான் பேசுவதற்குள் ரிசீவர் கைமாறியது. அவள்தான். கூட வந்த தம்பியை அனுப்பிவிட்டு இரவு முழுக்க மில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாள். மார்கழிப் பனி தலையில் இறங்க, காவல்காரர் கொடுத்த கோணியைப் போர்த்திக்கொண்டு. மறுபடி கூப்பிடுகிறேன் என்று நான் சொல்லியிருந்தேனே.

நான் எல்லாவற்றையும் வேகமாகச் சொன்னேன். டோரிஸ், குளிர், தேதி, தவறு. முடித்தபோது அவள் குரல் மெதுவாக வந்தது.

“உள்ள போன் அட்ச்சிகினே இருந்திச்சிங்க. பூட்டு தொங்குது. ஒவ்வொரு தபாவும் எம்பொண்ணு போய்ட்டான்னு சொல்றதுக்குத்தான் அடிக்கிறீங்கன்னு நெனச்சேன். பதினோரு தபா. நீங்க மட்டுந்தான் எண்ணுவீங்களா?”

பதினோரு முறைதான். என்னிடமும் அந்தக் கணக்கு இருந்தது. அவளுடைய கவலையைத் துடைக்க ஒவ்வொன்றாக அடித்தேன். ஒவ்வொன்றும் அவள் நெஞ்சில் போய் விழுந்திருக்கிறது.

“இப்ப அவ எப்டி கீறா?” என்றாள்.

தெரியாது என்றேன். உள்ளது அதுதான். அங்கேயே இரு என்றேன். வைத்துவிட்டாள்.

ஏழு இருபத்தைந்துக்கு மருமகன் அழைத்தார். “மாமா, பொண்ணு. ஏழு பத்துக்குப் பொறந்தா. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க, நார்மல்.” காலையிலிருந்து மகள் தன் கையை விடவே இல்லை, போன் பக்கமே போக முடியவில்லை என்றார். அவரைத் திட்ட வைத்திருந்த சொற்கள் எங்கே போயினவோ. ஒரகடத்தைச் சுழற்றும்போது விரல் இரண்டு தடவை தப்பியது.

“கமலா, பொண்ணு. நார்மல்.”

அவள் உடனே நம்பிவிடவில்லை. “எது நார்மலு?” என்றாள். “குளுரா, கொயந்தையா?”

குழந்தைதான் என்றேன். மகளும் குழந்தையும். மருமகனே சொன்னார், டோரிஸ் இல்லை என்றேன். அவள் என்னவோ சொல்லத் தொடங்கினாள். அதற்குள் மில் மோட்டாரைப் போட்டுவிட்டார்கள். பெல்ட் ஓடும் இரைச்சலுக்கு அடியில் அவள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் மகளின் குரலைத் தன் காதால் கேட்ட பிறகுதான் சோறு தின்றாளாம்.

அன்று குளிரின் ரெக்கார்டு உடையவில்லை. ஒரே ஒரு பாகையில் தப்பிவிட்டது என்று டோரிஸ் மிகவும் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை. இனி ஒவ்வோர் ஆண்டும் இதே தேதியில் இந்தத் தொலைக்காட்சி ஏதோ ஒரு பழைய ஆண்டின் பெயரைச் சொல்லும். என் பேத்தி பிறந்த நாளுக்கு இங்கே தனிக் குறிப்பு எதுவும் இல்லை. அது சாதாரணமான நாள்.

ஆனால் அன்று மாலை போனை வைத்த கையோடு, சமையலறைச் சுவரில் நான் மாட்டியிருந்த நம் ஊர்க் காலண்டரில் நட்சத்திரம் பார்க்கப் போனேன். அங்கேதான் தடுமாறினேன். குழந்தை பிறந்தபோது வடக்குப்பட்டில் காலை ஆறு நாற்பது, சூரியன் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கணக்கில் அவள் பிறந்தது இந்தத் தாளில்; அவளுடைய நட்சத்திரமோ அடுத்த தாளில். கமலாவுக்கு எந்தக் காலத்திலும் அவள் மறுநாள் பிறந்தவள்தான். மறுநாள் காலை வழக்கம்போல் கிழிக்கப் போன கை கிழிக்காமல் நின்றுவிட்டது.

காலண்டருக்குக் கீழே வெப்பக் காற்று ஊதும் துவாரம் இருக்கிறது. ஹீட்டர் ஓடும்போதெல்லாம் மேல்தாள் மெல்ல எழும்பி அடுத்த தாளைக் காட்டும். நின்றதும் படிந்து மூடிக்கொள்ளும். இதை எழுதும்போதும் அது எழும்புவதும் படிவதுமாக இருக்கிறது.