அண்ணன் மீன்களின் இரத்தம்

காரியாபட்டியில் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சென்ற வருடம் ஒருநாள் மதியம், ஊராருடைய சர்க்கரை அளவையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, என் அண்ணன் குளத்துக் கெண்டையின் இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பக்கத்திலேயே சாதாரணக் கெண்டையின் இரத்தம். இரண்டையும் காலையில் அவன்தான் என்னை எடுக்க வைத்தான். மீன் மந்தமாக இருக்கிறதாம்.

அண்ணன் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன். மின்னல் விழுந்து ஒரு அறை வெடித்தபிறகு வேலையை விட்டுவிட்டு மீன் வளர்க்கக் குளம் எடுத்தான். இதுவும் கைவிட்டால் மறுபடி பட்டாசுக்குத்தான் போக வேண்டும்.

அவன் வளர்த்தது புதுவகைக் கெண்டை. மற்ற மீன்களுக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி, இவற்றுக்கு மூன்று. முட்டை வைக்காது, தின்றதெல்லாம் சதையாகும் என்று குஞ்சு விற்றவர்கள் சொன்னார்கள். இரத்தத்தைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

மைக்ராஸ்கோப்பில் வித்தியாசம் தெரிந்தது. மீனின் சிவப்பணுவுக்குள் உட்கரு உண்டு. மூன்று தொகுதியைச் சுமந்து அது பெருத்திருந்தது, அணுவும் பெருத்திருந்தது, எண்ணிக்கை மட்டும் குறைவு. தேடிப் படித்தேன். தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்தால் இவைதான் முதலில் திணறுமாம்.

அப்போது இடி இடித்தது.

பட்டாசுக் கம்பெனியில் இடி கேட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியேறிவிடுவார்கள். போனை உள்ளே கொண்டுபோகவும் கூடாது. அண்ணனுக்குக் குளத்திலும் அதே பழக்கம்தான். தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார் அந்த மெயினில்தான் ஓடுகிறது. போன் அடித்தேன். எடுக்கவில்லை. அவன் போன் பைக் பெட்டிக்குள் கிடந்து அடித்திருக்கும். திட்டிக்கொண்டே ஸ்கூட்டியை எடுத்தேன்.

குளம் முழுக்க மீன்கள் வாயை மேலே நீட்டித் தவித்தன. அண்ணன் கரையில் நனைந்துகொண்டு நின்றான்.

"மழைக்குள்ள எதுக்கு தாயி வந்த?"

"மோட்டாரப் போடுண்ணே. இதுக ரத்தத்துல அணு கம்மி. மத்த மீனு தாங்கும், இதுக தாங்காது."

"மின்னுதுல்ல. மழ விட்டதும் போடுறேன்."

"அதுக்குள்ள அம்புட்டும் செத்து மிதந்துரும்."

சுவிட்ச் இருந்த கொட்டகைக்கு நானே நடந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நீ ரோட்டுக்குப் போ. வண்டிக்கு அங்கிட்டு நில்லு."

நான் போய் நிற்கும்வரை பார்த்திருந்துவிட்டு உள்ளே போனான். வானம் வெளுத்து வெளுத்து இருண்டது. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவன் மட்டும் வரவில்லை. "அண்ணே" என்று கத்தினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான். நான் ஓடினேன்.

"கம்பெனியில அன்னைக்கும் இப்படித்தான் எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னேன்," என்றான். "வெளிய வந்து எண்ணுனா, ரெண்டு பேரு கம்மி."

குளத்தில் வாய்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கின. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. என் தோளைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.