சுவிட்சை அணைத்த கை

எனக்குச் சந்தேகப் புத்தி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எண்பதுகளின் கடைசியில் அயனம்பாக்கத்து வாடகை வீட்டில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் அந்தப் புத்தி வந்துவிடும்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டெபிலைசர் செய்யும் ஒரு கம்பெனியில், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் லைனில் இருந்தேன். என் வீட்டுக்காரரும் அங்கேயே ஃபிட்டர். இரண்டு பேருக்கும் ஷிஃப்ட் மட்டும் ஒத்துப்போகாது. டெஸ்டிங் செக்‌ஷனில் ஓர் இடம் காலியானது. ஸ்டெபிலைசரைத் தானாகவே சோதித்துப் பார்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்டினால் இடம் உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாலிடெக்னிக்கில் படித்ததையெல்லாம் லைனில் உட்கார்ந்து மறந்துகொண்டிருந்த எனக்கு அதை விட்டால் வேறு வழி இல்லை. ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக் சாமான் வாங்கிவந்து, ஒரே போர்டில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கட்டினேன். சில பொத்தான்கள், சிவப்பு எண்கள் தெரியும் டிஸ்ப்ளே, அவ்வளவுதான். புரோகிராமை எண் எண்ணாகக் கையால் அடித்து ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் ஏற்றியதெல்லாம் அழிந்துவிடும். அதனால் அணைக்காமலே வைத்திருந்தேன்.

வேலை முடிந்து வந்து பார்த்தால் டிஸ்ப்ளேயில் ஒரே குப்பை. மறுபடி அடிப்பேன், மறுபடி குப்பை. "கரண்ட் கட்டு" என்பார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டில் கேட்டால் கரண்ட் போகவே இல்லை என்பார்கள்.

வீட்டில் இருந்த மூன்றாவது ஆள் என் நாத்தனார், வீட்டுக்காரருடைய அக்கா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். வெளியே கிளம்பினால் விளக்கு, ஃபேன், ரேடியோ என்று கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் தட்டிவிட்டு, வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டு போவார். நான் வேறு யாரைச் சந்தேகப்படுவேன்?

"அண்ணி, அந்த சுவிட்சைத் தொட்டீங்களா?"

"நான் இன்னாத்துக்குத் தொடறேன்? அந்த டப்பா பக்கமே நான் போறது கெடையாது. திருடியப் பாக்குற மாதிரி பாக்காத, சொல்டேன்!"

வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உடும்மா. அக்காவுக்கு ஞாபக மறதி. அணைச்சிட்டு அணைக்கலன்னு சொல்லும். நீ ஒண்ணியும் கேட்டுக்காத" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசுவதை அன்றோடு நிறுத்தினேன். அவர் வைத்த குழம்பைக்கூடத் தொடவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று சுவிட்சையே மாற்றினேன். போர்டில் ஒரு பச்சை பட்டன். அதை அழுத்தினால் உடனே அணையாது. கையிலிருக்கும் வேலையை முடித்து, மெமரியைப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் கரண்டைத் துண்டிக்கும். சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது அணைத்தாலும், கண்டென்சரில் மிச்சமிருக்கும் துளி கரண்டிலேயே மெமரி பூட்டிக்கொள்ளும். மூன்று பென்சில் செல் அதை அழியாமல் காப்பாற்றும். கூடவே ஒரு பஸரும் கத்தும்.

"இனிமே அணைக்கணும்னா பச்சை பட்டனை அழுத்துங்க" என்று மட்டும் இரண்டு பேரிடமும் சொன்னேன். செல்லைப் பற்றியும் பஸரைப் பற்றியும் மூச்சு விடவில்லை. அண்ணியைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா?

திங்கட்கிழமை மேனேஜரிடம் காட்ட வேண்டும். ஞாயிறு காலை அண்ணி கோயிலுக்குப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே பஸர் அலறியது. ஈரத் துணியோடு ஓடினேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சுவர் சுவிட்சில் விரலை வைத்தபடி விறைத்துப்போய் நின்றார்.

"அக்காதான் அணைச்சிட்டுப் போயிடுச்சு போலக்கீது. போடலாம்னு வந்தேன்" என்றார்.

பஸர் கத்த ஆரம்பித்தே ஒரு நிமிஷம் ஆகவில்லை. அக்கா கோயிலில் முழங்காலில் இருக்கிறார்! டெஸ்டிங் ஆட்களுக்கு கேன்டீனில் தனி மேஜை. லைன் ஆட்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அந்த மேஜையில் பெண்டாட்டி உட்கார்ந்திருக்க, தான் வரிசையில் நிற்பதை இந்த மனுஷனால் தாங்க முடியவில்லை. அதற்காகக் கூடப்பிறந்தவளையே மாட்டிவிடுகிறார், செய்யாத தப்புக்கு.

"எல்லாம் போச்சா?" என்று பாவம் போலக் கேட்டார்.

"போச்சு" என்றேன்.

அன்று மத்தியானம் அண்ணி வைத்த மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் காலையில் வீட்டுக்காரரே போர்டைப் பையில் போட்டு பஸ் ஸ்டாப் வரை தூக்கிவந்தார். "போனாப் போவுது, அடுத்த தபா பாத்துக்கலாம்" என்று தேற்றினார். பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேனேஜர் மேஜையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். ஓர் எண்கூட அழியவில்லை. வோல்டேஜை ஏற்றி இறக்கி ஸ்டெபிலைசரைச் சோதித்து, முடிவை டிஸ்ப்ளேயில் காட்டியது. அடுத்த வாரத்திலிருந்து டெஸ்டிங்குக்கு வந்துவிடு என்றார்.

சாயங்காலம் கூடத்தில் இரண்டு பேரும் இருக்கும்போது இடம் கிடைத்ததைச் சொன்னேன். வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் போச்சுன்னியே?"

"செல் போட்டு வச்சிருக்கேன். கரண்ட் போனாலும் அழியாது. யாரு அணைச்சாலும் அழியாதுங்க."

அவர் பார்வை சட்டென்று அக்கா பக்கம் திரும்பியது.

"என்னை இன்னாத்துக்குடா பாக்குற?" என்றார் அண்ணி.