லீகல், லாயல், சால்னா

இன்று பாண்டியிலிருந்து மரக்காணம் திரும்பும் பஸ்ஸில், உப்பளம் வைத்திருக்கும் முருகன் அண்ணனிடம் கொஞ்சம் மேதாவித்தனம் காட்டினேன்.

“லீகல், லாயல் ரெண்டுமே ஒரே லத்தீன் வார்த்தையில பொறந்ததுண்ணே. சட்டம்னு அர்த்தம். பிரெஞ்சு வழியா சுத்தி வந்தது லாயல், அதான் விசுவாசம்னு ஆயிடுச்சு.”

“அப்போ லீகலா தாலி கட்டினவன் தானாவே லாயல்தான். கேட்டுக்கம்மா” என்று முன்சீட்டில் இருந்த அண்ணியைச் சீண்டினார்.

அண்ணி மரக்காணத்தில் இட்லிக்கடை நடத்துகிறார். திரும்பாமலே சொன்னார்: “எவன் கடை சால்னாவோ சட்டையில மணக்குது. லாயல் இல்லன்னா அடுத்தது லாயர்தான்.”

பாண்டியில் அண்ணி மார்க்கெட்டுக்குள் போயிருந்த நேரத்தில் அண்ணனோடு பரோட்டா சாப்பிட்டவன் நான்.

உடந்தையாக இருந்தவனுக்கு ஆங்கிலத்தில் என்ன வார்த்தை? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். காலையில் இட்லிக்கு அண்ணி கடைக்குத்தான் போயாக வேண்டும்.