வெறும் வண்டி எடை

தேனியில் உட்கார்ந்து சின்னச் சின்ன மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். இந்தத் தொழிலில் எழுதுவதைவிட, "இன்னும் ஒண்ணே ஒண்ணு சேத்துக் குடுங்க" என்பவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. உங்களுக்குத் தெரியாததா?

குச்சி உடம்பு

சின்னமனூரில் லாரி எடைமேடை நடத்தும் செல்வராணி அக்காதான் என் முதல் வாடிக்கையாளர். வெறும் வண்டி எடை, பாரத்தோடு எடை, கழித்தால் சரக்கின் எடை, ஒரு சீட்டு. அவ்வளவுதான் என் மென்பொருள். கரண்ட் போய் வந்ததும் பழைய கணினியில் அதைத் திறந்த அக்கா சொன்னார்: "கண்ணச் சிமிட்டுறதுக்குள்ள வந்து நிக்குதே தம்பி!"

இன்னும் இன்னும்

பிறகு ஆரம்பித்தது. வாழைத்தார் ஏற்றிக் குமுளி வழியாகக் கேரளா போகிற வண்டிகளுக்குச் சீட்டில் மலையாளம் வேண்டும். வண்டி நம்பரைப் படம் பிடிக்க வேண்டும். பழைய சீட்டைத் தேட வேண்டும். இப்படிச் சேர்த்தால் மென்பொருள் ஊதிப்போகும் என்று பெரிய பாடமே நடத்தினேன். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "டிரைவருக கேக்குறாக தம்பி. நானா ஆசைப்பட்டுக் கேக்குறேன்?" என்றார்.

லாரி வரிசை

கேட்டதையெல்லாம் சேர்த்தேன். கையோடு என் ஆசைக்கும் கொஞ்சம் மினுக்கிக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அவசரமாகக் கூப்பிட்டார். கரண்ட் வந்தும் மென்பொருள் திறக்க நேரமாகி, ஏழெட்டு லாரி சாலைவரை நின்றது. கடைசியில் நின்றவர்கள் வேறு எடைமேடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இனி நோட்டில் எழுதிக்கொள்கிறேன், இது வேண்டாம் என்றார் அக்கா. முதல் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகிற பயத்தில், "நீங்க கேட்டதோட பலன்தான் இது" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "எது எம்புட்டுக் கனம்னு, வெறும் வண்டிய எடை போட்டுப் பாத்தீகளா?"

கழித்தல்

பார்க்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மலையாளத்தை எடுத்தேன், மாற்றமில்லை. தேடலை எடுத்தேன், அதேதான். படங்கள் கொஞ்சம் கனத்தன. கேட்டால் மட்டும் திறக்கும்படி செய்ததும் அதுவும் தீர்ந்தது. மிச்சத் தாமதம் முழுக்க நான் ஆசையாகச் சேர்த்த முகப்பு. திறந்ததும் என் நிறுவனத்தின் பெயர் பூப்போல இதழ் இதழாக விரியும்; பிறகு புதிய பதிப்பு உண்டா என்று இணையத்தில் விசாரித்து, பதில் வந்த பிறகுதான் வழிவிடும். கரண்ட் போய் வந்த நேரத்தில் இணையம் வரவே வெகுநேரமாகும். யாருமே கேட்காதது. கூனிக்குறுகிப் போனேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு முகப்பைத் தூக்கினேன், லாரிகள் நகர்ந்தன. அவர் சீட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "அந்தப் பூ அழகாத்தேன் இருந்துச்சு தம்பி. எனக்குத்தேன் பாக்க நேரமில்ல."

வசதி சேர்த்தால் மென்பொருள் ஊதிப்போகுமா என்று இப்போது யாராவது கேட்டால், அதை எழுதியவரை முதலில் எடைமேடையில் ஏற்றிப் பார்க்கச் சொல்கிறேன்.