‘போய்வர’ என்று எழுதுங்கள்

1974, வைகாசி. காலை ஏழு மணிக்கு எழும்பூரில் இறங்கினோம். தங்கச்சிமடத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதி வகுப்புத் தேறிய முதல் ஆள் நான், அதுவும் பெண். அதனால்தான் சித்தப்பா சவரிமுத்து என்னையும் அழைத்து வந்தார். கச்சத்தீவு இலங்கையின் கைக்கு மாறப்போகிறது என்று கரையெங்கும் பேச்சு. அங்கே எந்தக் கொடி பறந்தாலும், மீன்பிடிக்கிறவர்களிடமும் தீவிலுள்ள அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களிடமும் விசா கேட்கக் கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே இதை டெல்லிக்கு முறையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்.

எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு. அக்கா இலங்கையில், மன்னாரில் வாழ்க்கைப்பட்டவள். எங்கள் கரையிலிருந்து பன்னிரண்டு மைலில் உள்ள கச்சத்தீவில், திருவிழாவன்று மட்டும்தான் நாங்கள் பார்த்துக்கொள்வோம். பாஸ்போர்ட் எடுக்கும் வசதி இரண்டு வீட்டுக்கும் இல்லை.

மயிலாப்பூர் பேருந்தில் கைப்பையும் டிபன் டப்பாவுமாகப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். ஒருத்தி முகத்திலும் தயக்கமில்லை. தெப்பக்குளம் வரும்வரை நான் கடைப் பலகைகளை ஒன்று விடாமல் படித்தேன்.

ஒன்பதரை மணிக்கு, எங்கள் பங்குச்சாமியார் எழுதித்தந்த முகவரிப்படி அபிராமபுரத்தில் வக்கீல் வீட்டை அடைந்தோம். பெயர்ப்பலகையில் ஒரு பெண்ணின் பெயர், பின்னால் இரண்டு பட்டங்கள். அதை மட்டும் இருமுறை படித்தேன். வக்கீலம்மா தாமே காப்பி கொண்டுவந்தார். பிறகு, டெல்லியில் கேட்கக்கூடியதைத் தாமே கேட்பதாகச் சொல்லிக் குரலைக் கடுமையாக்கினார்.

“ஒரு பாஸ்போர்ட் எடுத்துண்டு போனா என்ன குறைஞ்சுடும்?”

“தீவுல வலை காயப்போட எறங்குறவன் கோவணத்தோட நிப்பான் தாயி. அதை எங்கிட்டு வைப்பான்?” என்றார் சித்தப்பா.

சிரிப்பை அடக்கிக்கொண்டு வக்கீலம்மா மனுவை எழுதத் தொடங்கினார். முடித்ததும் வாசித்தார்: ‘தீவுக்குப் போக விசா தேவையில்லை.’ சித்தப்பாவின் முகம் மாறியது. யாராவது ‘போறேன்’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்று வள்ளத்தையே கடலில் இறக்காதவர் அவர்.

“போகன்னு எழுதாதீக. போய்வரன்னு எழுதுங்க.”

சட்டம் பேசும் இடத்தில் சகுனமா என்று எனக்கு வெட்கம். அவர் கையைக் கிள்ளினேன். வக்கீலம்மாவோ பேனாவைக் கீழே வைத்து யோசித்தார். போக மட்டும் அனுமதி என்றால், திரும்பும்போது எங்கிருந்து வருகிறாய் என்று நம் கரையிலேயே நிறுத்தலாமே என்றார்.

“நன்னாச் சொன்னேள். ரெண்டு பக்கத்துக்கும் சேத்தே கேட்டுடுவோம்.”

மனுவை ஆங்கிலத்திலும் எழுதினார்; அதில் அந்த ஒரு சொல்லுக்கு முழுதாக ஒரு வரி பிடித்தது. கற்றவர் இப்படிக் காதுகொடுத்துக் கேட்டு நான் கண்டதில்லை. கற்றால் இப்படிக் கற்க வேண்டும்.

டெல்லிக்குப் போகவிருந்த அதிகாரி ஒருவரிடம் மனுவைக் கொடுக்கச் சொன்னார் வக்கீலம்மா. அந்த அதிகாரியின் வீடு அடையாற்றில் இருந்தது. ஆட்டோக்காரர் எங்கள் விஷயத்தைக் கேட்டதும் புதுப் பாலத்தின் நடுவில் வேகத்தைக் குறைத்தார்.

“அந்தாண்ட மயிலாப்பூரு, இந்தாண்ட அடையாறு. நடுவுல நின்னுகினு ஒருத்தன் விசா கேட்டா, நான் இன்னாத்தப் பொழைக்கறது நைனா?”

அதேதான் எங்கள் கதையும் என்றார் சித்தப்பா. எங்களுக்குப் பாலம் இல்லை, வள்ளம்தான்.

அதிகாரி எங்களை உட்காரவைத்து மனுவைக் கடைசி வரிவரை படித்தார். ‘போய்வர’ என்ற இடத்தில் கோடிட்டார். எடுத்துச் சொல்வேன், வாக்குத் தர எனக்கு அதிகாரமில்லை என்றார். அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் அக்காவைப் பார்ப்பேனா என்பது காலையில் போலவே தெரியாமல்தான் இருந்தது.

மாலையில் தியாகராய நகரில் அவளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கினேன். டஜன் ஒன்றேகால் ரூபாய். அளவு சேராவிட்டால் மாற்றித்தருவதாகச் சொன்னார் திருநெல்வேலிக் கடைக்காரர். அடுத்த மாசித் திருவிழாவில்தான் அவள் கையில் போட்டுப் பார்க்க முடியும், அதுவும் விசா கேட்காமல் விட்டால் என்றேன். அவர் கட்டிய பொட்டலத்தைப் பிரித்து, ஓர் அளவு பெரியதில் இன்னொரு டஜனையும் வைத்தார்.

“ரெண்டையும் கொண்டு போங்கம்மா. சேராதத அடுத்த வருசம் கொண்டாங்க.”

“போய்வாரோம் அண்ணாச்சி” என்றேன். சித்தப்பா வாயைத் திறக்கும் முன்பே சொல்லிவிட்டேன்.