சேடத்தி இட்லியைப் புகழ்ந்த நாள்

கொச்சுத்ரேசியா எங்கள் ஆசுபத்திரியின் பரீட்சை நோயாளி. நர்சிங் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு வந்தால், கட்டிலில் படுத்துப் பதில் சொல்ல ஒரு நோயாளி வேண்டுமே. சர்க்கரை வியாதியும் ஆறாத கால் புண்ணுமாக இருந்த அவள், ஒவ்வொரு தேர்வுக்கும் சாலக்குடி பஸ் பிடித்து வந்து படுத்துக்கொள்வாள். மருந்தும் சாப்பாடும் இலவசம். புருஷன் செத்துப்போய்விட்டான், மகன் குவைத்தில். வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்பாள். எல்லோரும் அவளை அக்கா என்கிற மாதிரி, சேடத்தி என்று கூப்பிடுவோம்.

நான் அந்த வார்டின் பொறுப்பு சிஸ்டர். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். சேடத்தியை அறவே நம்ப மாட்டேன். தேர்வில் என்ன கேட்பார்கள், எதைச் சொன்னால் மார்க் விழும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதை ஒரு பழம்பொரிக்கு, அந்த வாழைப்பழ பஜ்ஜிக்கு, பிள்ளைகளிடம் விற்கிறாள் என்பது என் சந்தேகம். தலையணையைத் தூக்கினால் எண்ணெய்க் காகிதம் கிடக்கும்.

"எலி கொண்டாந்து போட்டிருக்கும் சிஸ்டரே."

"எலி பொட்டலம் கட்டிக் குடுக்குமா?" என்றால் உடனே கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்ய ஆரம்பித்துவிடுவாள்.

வாய் ஓயாமல் அவள் உண்மை பேசியது ஒரு விஷயத்தில் மட்டும்தான். எங்கள் ஆசுபத்திரிச் சாப்பாட்டை அவள் திட்டாத நாளே கிடையாது. "இந்த இட்லிய நாய் மேல எறிஞ்சா அதுக்கு மண்டை உடைஞ்சிரும்" என்பாள்.

அந்த வருஷம் ஷிஜி என்றொரு மாணவி இருந்தாள். செய்முறையில் இரண்டு தடவை தோற்றவள். மூன்றாவதும் போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மண்டு இல்லை; எதைச் சொன்னாலும் நம்பாத ரகம். காய்ச்சல்காரருக்கு முதலில் என்ன செய்வாய் என்று டீச்சர் கேட்டால், கூடப் படிக்கும் நீத்து புத்தகத்தில் உள்ளதைக் கடகடவென்று ஒப்பித்து முழு மார்க் வாங்கிவிடுவாள். ஷிஜியோ, "காய்ச்சல்னு யாரு மேடம் சொன்னா? தொட்டுப் பாத்தாங்களா?" என்று திருப்பிக் கேட்டு வசவு வாங்குவாள்.

தேர்வுக்கு முந்தின மாலை அவளும் சேடத்தியும் தலையோடு தலை சேர்த்துக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. ஷிஜி முகம் சிவந்து வெளியே போனாள்.

"என்ன ரகசியம் சேடத்தி?"

"ரகசியமா? கொசு ஜாஸ்தியாயிடுச்சுன்னு பேசிட்டிருந்தோம்."

சரி, வியாபாரம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் யாருக்கு எந்தக் கட்டில் என்று சீட்டுக் குலுக்கினார்கள். சேடத்தியின் கட்டிலுக்கு முதலில் நீத்து, அடுத்து ஷிஜி. அந்தச் சீட்டின் மேலும் எனக்குச் சந்தேகம்தான்.

நீத்து கை கழுவினாள், திரையை இழுத்தாள், பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டாள். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

"இட்லி சாப்ட்டேன் மகளே. பஞ்சு மாதிரி இருந்துச்சு."

நீத்து அதை அழகாக எழுதிக்கொண்டாள். தேர்வு நடத்த வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த வல்சம்மா மேடம் தலையாட்டித் தலையாட்டி மார்க் போட்டார்.

பிறகு ஷிஜி வந்தாள். "சாப்ட்டியா சேடத்தி?"

"இட்லி... நல்லா இருந்துச்சு மகளே." குரல் இழுத்தது.

ஷிஜி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாங்கி வைத்த பதில் மறந்துபோயிற்று போலிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"முதல்ல கை கழுவு, பேரைச் சொல்லு" என்றார் மேடம்.

ஷிஜி காதில் வாங்கவில்லை. சேடத்தியின் நெற்றியைத் தொட்டாள், வேர்த்து ஊற்றியிருந்தது. கட்டிலோரத்து அலமாரியைத் திறந்தாள். தட்டில் இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது. சட்டென்று திரும்பி, மேடத்தின் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்தாள்.

"ஏய், அது என் சாயா!"

"சர்க்கரை போட்டதா மேடம்?"

"போட்டதுதான். அதுக்கு?"

"அப்ப சரி." சேடத்தியைத் தூக்கி உட்காரவைத்து வாயில் வைத்துவிட்டாள்.

நான் ஓடிப்போய் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. காலையில் இன்சுலின் ஊசி போட்டிருக்கிறது, வயிறு காலி. இன்னும் கொஞ்சம் போனால் நினைவு தப்பியிருக்கும்.

சேடத்திக்குத் தெளிந்ததும் மேடம் என்னை ஓரமாக அழைத்தார். "சிஸ்டரே, இது ரெண்டு பேரும் சேந்து போட்ட நாடகம் இல்லியே? ரெண்டு தடவை தோத்த பொண்ணு. உங்க வார்த்தைய வெச்சுத்தான் மார்க் போடணும்."

முந்தின மாலையின் குசுகுசுப்பு நினைவுக்கு வந்தது. நேரே ஷிஜியிடம் போனேன். "அவ சாப்டலைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"இந்த இட்லி நல்லா இருக்குன்னு சேடத்தி சொல்லி என்னிக்காவது கேட்டிருக்கீங்களா சிஸ்டர்?"

இன்றைக்கு என் காதுபடத்தானே புகழ்ந்தாள், இரண்டு தடவை! சேடத்தியிடம் திரும்பினேன். "நேத்து என்ன பேசினீங்க? மறைக்காம சொல்லு."

அவள் அழுதுவிட்டாள். "கேள்வியும் பதிலும் சொல்லித் தரேன்னேன். நீ சொன்னா நான் நம்ப மாட்டேன், நானே பாத்துக்கறேன்னுட்டா. வேற என்ன செய்வேன்? இவ பாஸாகற வரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படாதுன்னு அந்தோணியாருக்கு நேர்ந்துக்கிட்டேன். நேர்ச்சைய வெளிய சொல்லலாமா?"

இன்சுலினைப் போட்டுக்கொண்டு பட்டினி! அவளை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றேன்.

மேடத்திடம் போய்ச் சொன்னேன்: "நாடகமா இருந்தா சர்க்கரையப் பையில கொண்டாந்திருப்பா மேடம். உங்க சாயாவைப் பிடுங்கியிருக்க மாட்டா."

மேடம் காலி டம்ளரை ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறகு எழுதினார். கை கழுவாததற்கு மார்க் இல்லை, அறிமுகம் செய்யாததற்கு இல்லை, திரை இழுக்காததற்கு இல்லை. ஷிஜி தட்டுத்தடுமாறித் தேறினாள். நோயாளி இட்லி சாப்பிட்டு நலமாக இருக்கிறார் என்று எழுதிய நீத்துவுக்கு முதலிடம். இது என்ன நியாயம் என்று சண்டைக்கே போனேன். "முறையில ஒரு குறையும் இல்லையே சிஸ்டரே" என்றார் மேடம்.

சேடத்திக்கு வேறு கவலை. "சாயா குடிச்சு நேர்ச்சை முறிஞ்சுபோச்சே. அப்புறம் இவ எப்படிப் பாஸானா?" என்று என்னையே கேட்டாள்.

மறுநாள் காலை ஷிஜி வந்தாள். நேரே போய் அலமாரியைத் திறந்து குனிந்து தேடினாள்.

"சாப்ட்டாச்சுடி, சத்தியமா! ரப்பரைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. சமைக்கிறவன் கையில கட்டி முளைக்க!"

ஷிஜி அலமாரியை மூடினாள்.